பழைய புல்லட்டின் கிளட்ச்: வாசகர் கேள்வி – பதில்

பழைய மோட்டார் சைக்கிள்களைப் பற்றி இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கிளட்ச்சைப் பற்றியவை. அவற்றுள்ளும் பெரும்பகுதி, வலது காலால் கியர் மாற்றும் நான்கு கியர் ‘காஸ்ட் அயர்ன்’ (வார்ப்பிரும்பு சிலிண்டர் கொண்ட) புல்லட் 350 பற்றியவை என்பதால், அந்த வண்டியை முன்வைத்தே பதில்கள் அமைந்துள்ளன. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் இணைந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கி, திருவொற்றியூரில் ஆலை அமைத்தன. இங்கிலாந்தில் மூல நிறுவனமே மூடப்பட்ட பிறகும் அதே அமைப்புள்ள கியர் பாக்ஸும் கிளட்ச்சும் பல பத்தாண்டுகள் இங்கே தொடர்ந்தன. ஆகவே 60-களின் வண்டிக்கும் 90-களின் வண்டிக்கும் பெரும்பாலும் ஒரே பதில் பொருந்துகிறது. இடது காலால் கியர் மாற்றும் ஐந்து கியர் வண்டி வைத்திருப்பவர்கள் இவற்றை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: என்னிடம் இருப்பது 1979-ஆம் ஆண்டு புல்லட் 350. காலையில் நன்றாக ஓடுகிறது. ஊருக்குள் அரைமணி நேரம் ஓட்டிய பிறகு சிக்னலில் நின்றால் நியூட்ரல் விழுவதில்லை. கிளட்ச்சை முழுவதுமாகப் பிடித்திருந்தாலும் வண்டி முன்னே நகரப் பார்க்கிறது. முதல் கியர் போடும்போது ‘கடக்’கென்று அறைகிறது. லீவர் அருகில் உள்ள அட்ஜஸ்டரைக் கடைசி வரை வெளியே திருகிவிட்டேன். கேபிளையும் புதிதாக மாற்றிப் பார்த்துவிட்டேன். இனி என்ன செய்வது?
— ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: கிளட்ச் முழுமையாக விடுபடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதற்கு நீங்கள் எழுதியிருக்கும் மூன்று அடையாளங்களும் போதும். ஆனால் நீங்கள் தொடங்கிய இடம் சரியில்லை. லீவர் பக்கத்து அட்ஜஸ்டர் இந்த வேலையில் கடைசியாகத் தொட வேண்டிய இடம். முதலில் தொட வேண்டியது வண்டியின் வலப்பக்கம், கியர் பாக்ஸின் வெளி மூடிக்குள் இருக்கும் ஸ்குரூ. அதைப் பல பட்டறைகளில்கூடத் திறந்து பார்ப்பதில்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் லீவரைப் பிடிக்கும்போது கேபிள், கியர் பாக்ஸ் மூடிக்குள் இருக்கும் ஒரு சிறிய ஆர்மை இழுக்கிறது. அந்த ஆர்ம், மெயின் ஷாஃப்ட்டின் நடுத்துளை வழியாகச் செல்லும் நீண்ட புஷ் ராடை வலமிருந்து இடமாகத் தள்ளுகிறது. ராடின் மறுமுனை, கிளட்ச் அடங்கியிருக்கும் இடப்பக்கச் செயின் கேஸுக்குள், பிளேட்டுகளை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டை, மூன்று ஸ்பிரிங்குகளின் அழுத்தத்தை எதிர்த்து வெளிப்பக்கம் நகர்த்துகிறது. இத்தனை தூரம் கடந்து கடைசியில் பிளேட்டுகளுக்குக் கிடைக்கும் விலகல் மிகச் சிறியது. வழியில் எங்கேனும் ஒரு மி.மீ. வீணானாலும் அது பிளேட்டுகளில் தெரிந்துவிடும்.

இந்த வழியில் இரண்டு தேய்மானங்கள் ஒன்றுக்கொன்று எதிராக வேலை செய்கின்றன. கேபிள் நீண்டால் லீவரில் உள்ள ஆட்டம், அதாவது ஃப்ரீ பிளே, கூடுகிறது. கிளட்ச் பிளேட்டுகள் தேய்ந்தால் பிரஷர் பிளேட் உள்ளே சென்று ராடை வலப்பக்கம் தள்ளுவதால் அதே ஆட்டம் குறைகிறது. இரண்டையும் லீவர் பக்கத்து அட்ஜஸ்டர் ஒன்றைக் கொண்டே சமாளித்து வந்தால், லீவரில் பார்க்கும்போது அளவு சரியாகத் தோன்றும். உள்ளே ஆர்ம் மட்டும் தவறான கோணத்துக்குப் போயிருக்கும். கேபிளைப் புதிதாக மாற்றியும் பலன் கிடைக்காததற்கு இது காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

என்ஜின் நன்றாக ஆறிய பிறகு வண்டியை மெயின் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். கேபிள் அட்ஜஸ்டர் உங்கள் வண்டியில் லீவர் அருகிலோ, கேபிளின் நடுவிலோ, கியர் பாக்ஸில் கேபிள் நுழையும் இடத்திலோ இருக்கலாம். எங்கிருந்தாலும் அதை முழுவதும் உள்ளே திருகிக் கேபிளைத் தொய்வாக விடுங்கள். பிறகு கியர் பாக்ஸின் வலப்பக்க மூடியில் இரண்டு ஸ்குரூக்களால் பிடிக்கப்பட்டிருக்கும் சிறு மூடியைக் கழற்றுங்கள். பேக்கிங் கிழியாமல் வந்தால் நல்லது. கிழிந்தால் புதிது வெட்டிக்கொள்ளலாம். உள்ளே ஆர்மின் முனையில் ஒரு ஸ்குரூவும் அதைப் பூட்டும் லாக் நட்டும் தெரியும்.

லாக் நட்டைத் தளர்த்திய பின், ஸ்குரூவை விரல் நுனியின் அழுத்தத்தில் மெதுவாக உள்ளே திருகுங்கள். அது புஷ் ராடைத் தொட்டதும் கைக்குத் தெரியும். அதற்கு மேல் ஒரு இழை திருகினாலும் ஸ்பிரிங் எதிர்ப்பது தெரியும். தொட்ட இடத்திலிருந்து ஏறத்தாழ அரைச் சுற்று பின்னோக்கித் திருகி, ஸ்குரூ நகராதபடி ஸ்குரூடிரைவரால் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்குங்கள். இறுக்கும்போது நட் தன்னோடு ஸ்குரூவையும் இழுத்துச் செல்வது வழக்கம் என்பதால், இறுக்கிய பிறகு ஆர்மை விரலால் ஆட்டி, சிறு ஆட்டம் எஞ்சியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மறுபடியும் தொடங்க வேண்டியதுதான்.

இதற்குப் பிறகுதான் கேபிள் அட்ஜஸ்டரின் முறை. கேபிளில் ஏறத்தாழ 1.5 மி.மீ., அதாவது பழைய கணக்கில் 1/16 அங்குலம், ஆட்டம் இருக்குமாறு அதை வெளியே திருகுங்கள். லீவரும் அதன் பிடிப்பானும் சேரும் இடத்தில் பார்த்தால் இது 2 முதல் 3 மி.மீ. வரை தெரியும். இந்த ஆட்டத்தை முழுவதும் எடுத்துவிட்டால் கிளட்ச் இன்னும் நன்றாக விடுபடும் என்று எண்ணிவிடாதீர்கள். வண்டி ஓடும்போது மெயின் ஷாஃப்ட்டும் கிளட்ச்சும் சுழல்கின்றன, ஆர்ம் சுழல்வதில்லை. ஆட்டமே இல்லாதபோது ராடின் முனை இடைவிடாமல் உராய்ந்து, சூடேறி, கடினத்தன்மையை இழந்து, காளான் தலைபோல் பரந்து குட்டையாகிவிடும். குட்டையான ராடை எந்த ஸ்குரூவாலும் நெடுநாள் சமாளிக்க முடியாது.

இப்போது சோதனை. என்ஜினை நிறுத்திய நிலையில் முதல் கியரைப் போட்டு, கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு வண்டியைத் தள்ளிப் பாருங்கள். சற்றே கனமாக, ஆனால் தடையின்றி உருள வேண்டும். பிறகு என்ஜினை இயக்கி, கிளட்ச்சைப் பிடித்துச் சில நொடி பொறுத்து முதல் கியரைப் போடுங்கள். ஐட்லிங் வேகம், அதாவது ஆக்ஸிலரேட்டரை முறுக்காதபோது என்ஜின் ஓடும் வேகம், அதிகமாக வைக்கப்பட்டிருந்தால் கிளட்ச் எவ்வளவு நன்றாக இருந்தாலும் முதல் கியர் அறையும் என்பதால் அதையும் கவனியுங்கள். இந்த என்ஜின் 90 மி.மீ. ஸ்ட்ரோக் கொண்ட மெதுவான என்ஜின். ஐட்லிங்கில் ஒவ்வொரு அடியையும் தனித்தனியே கேட்கும்படி வைத்தால் போதும்.

இவ்வளவும் செய்த பிறகும் சூடானால் ஒட்டுகிறது என்றால் செயின் கேஸைத் திறந்தாக வேண்டும். அதற்கு முன் ஒரே ஒரு விஷயத்தைப் பார்த்துவிடுங்கள். கடையில் வாங்கி மாட்டிய லீவர் எந்த வண்டிக்கானது? லீவரின் போல்ட்டுக்கும், கேபிள் நுனியில் உள்ள குமிழான நிப்பிள் உட்காரும் துளைக்கும் இடையே உள்ள தூரம் சில மி.மீ. குறைந்தாலும் கேபிள் இழுபடும் நீளம் குறைந்துவிடும். தோற்றத்துக்காக வேறு மாடல் லீவர் போட்ட பல வண்டிகளில் நியூட்ரல் விழாததற்குக் காரணம் இதுதான். அதேபோல் லீவரைப் பிடிக்கும்போது கேபிளின் வெளியுறை வில்போல் வளைகிறதா என்று டேங்கின் அடியில் பாருங்கள். வளைந்தால் இழுப்பின் ஒரு பகுதி அங்கேயே கரைகிறது என்று பொருள்.

செயின் கேஸைத் திறக்க இடப்பக்க ஃபுட் ரெஸ்ட்டையும் பிரேக் பெடலையும் விலக்கி, அடியில் ஒரு தட்டை வைத்து, நடுவில் உள்ள ஒற்றை நட்டைக் கழற்ற வேண்டும். மூடி வெளியே வந்ததும் எதையும் பிரிக்காமல் முதலில் இதைச் செய்யுங்கள்: நியூட்ரலில் வைத்து, ஒருவர் கிளட்ச் லீவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மெதுவாக மிதிக்க, மற்றவர் குனிந்து பிரஷர் பிளேட்டைப் பார்க்க வேண்டும். கிக்கர் இந்த வண்டியில் கியர் பாக்ஸ் வழியாக இயங்குவதால், கிளட்ச் விடுபட்டிருக்கும்போது நடு பாகமும் பிரஷர் பிளேட்டும் சுழலும். வெளி டிரம் நிற்கும். சுழலும் பிளேட் ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் தாழ்ந்து தள்ளாடினால், மூன்று ஸ்பிரிங்குகளும் ஒரே அளவில் இல்லை. அவற்றைக் கழற்றி ஒரு கண்ணாடித் துண்டின் மேல் பக்கம் பக்கமாக நிறுத்தினால் குட்டையானது எது என்று கண்ணுக்கே தெரியும். மாற்றினால் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள்.

பிளேட்டுகளை வெளியே எடுக்கும்போது வந்த வரிசையிலேயே ஒரு கம்பியில் கோத்து வையுங்கள். எல்லாம் ஒன்றுபோல் தோன்றினாலும் வரிசைக்கும் பக்கத்துக்கும் பொருள் உண்டு. இரும்பு பிளேட்டைத் தடித்த கண்ணாடியில் வைத்து ஓரத்தை விரலால் தட்டுங்கள், ஆடினால் வளைந்திருக்கிறது. சிக்னலில் கியரைப் போட்டபடி கிளட்ச்சைப் பிடித்தே நிற்பவர்களின் வண்டிகளில்தான் இப்படி வளைந்த, நீலம் பாய்ந்த பிளேட்டுகளை அதிகம் காணலாம். அடுத்து டிரம்மின் காடிகளைத் தடவிப் பாருங்கள். பிளேட்டின் காதுகள் இடித்து இடித்துச் சிறு பள்ளங்களை வெட்டியிருக்கும். லீவரைப் பிடித்தாலும் காதுகள் அந்தப் பள்ளங்களில் சிக்கிக்கொண்டு நகர மறுக்கும். ஆழம் குறைவாக இருந்தால் மெல்லிய அரத்தால் நிரவிவிடலாம். அதிகமாக இருந்தால் டிரம்மை மாற்றுவதே முறை. டிரம்மை இரு கைகளாலும் பிடித்து ஆட்டி, பேரிங்கில் தளர்ச்சி உள்ளதா என்றும் அப்போதே பார்த்துவிடலாம்.

மூடியைத் திரும்பப் பொருத்தும்போது அந்த ஒற்றை நட்டைப் பலம் கொண்ட மட்டும் இறுக்க வேண்டாம். மூடி வளைந்து, ரப்பர் சீல் உட்காராமல், அன்றிலிருந்து வீட்டு வாசலில் எண்ணெய்ப் பொட்டு விழத் தொடங்கும்.

கடைசியாக ஒன்று: வண்டி முழுவதும் நிற்பதற்கு முன்பே நியூட்ரலுக்கு வந்துவிடுங்கள். அதற்காகவே இந்த கியர் பாக்ஸில் நியூட்ரல் ஃபைண்டர் என்ற தனிப் பெடல் இருக்கிறது. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது கியர்களிலிருந்து கிளட்ச்சைப் பிடித்து அதை ஒரு முறை மிதித்தால் நேராக நியூட்ரல் விழும். முதல் கியரிலிருந்து விழாது.

கேள்வி: கொல்லிமலை ஏறும்போது ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் என்ஜின் கத்துகிறது, வண்டி இழுக்கவில்லை. சமதளத்தில் குறை தெரியவில்லை. ஆயில் மாற்றிய பிறகுதான் இது தொடங்கியது. ஸ்பிரிங்குகளுக்கு அடியில் வாஷர் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் எங்கள் ஊர் மெக்கானிக். போடலாமா?
— ஒரு வாசகர், நாமக்கல்

பதில்: போட வேண்டாம். வாஷர் போட்டால் ஸ்பிரிங்கின் அழுத்தம் கூடும் என்பது உண்மை. ஆனால் லீவர் கனக்கும், புஷ் ராடின் முனை விரைவில் தேயும். அதைவிட முக்கியமாக, ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டும் வரை நெருங்கிவிட்டால் பிளேட் போதிய அளவு விலகாது. ஸ்லிப்பை, அதாவது கிளட்ச் வழுக்குவதை, போக்கப் போய், மேலே காரைக்குடி வாசகர் எழுதியிருக்கும் தொல்லையை விலை கொடுத்து வாங்கியதாக ஆகும்.

ஆயில் மாற்றிய பிறகு தொடங்கியது என்று நீங்களே துப்புக் கொடுத்துவிட்டீர்கள். இந்த வண்டியில் என்ஜினுக்கு ஒரு எண்ணெய், கியர் பாக்ஸுக்கு ஒன்று, கிளட்ச்சும் பிரைமரி செயினும் மூழ்கியிருக்கும் செயின் கேஸுக்கு மற்றொன்று என மூன்று தனித்தனி இடங்கள் உள்ளன. கார்களுக்காகச் செய்யப்படும் சில எண்ணெய்களில் எரிபொருள் மிச்சப்படுவதற்காக உராய்வைக் குறைக்கும் பொருள்கள் சேர்க்கப்பட்டிருக்கும். கிளட்ச்சோ உராய்வை நம்பியே வாழும் உறுப்பு. அத்தகைய எண்ணெய் செயின் கேஸுக்குள் போயிருந்தால் அதை முழுவதும் வடித்து, பிளேட்டுகளை வெளியே எடுத்து பெட்ரோலில் கழுவி, நன்றாக உலர்த்தி, ‘ஜாசோ எம்.ஏ.’ என்று டப்பாவில் அச்சிடப்பட்ட மோட்டார் சைக்கிள் எண்ணெயை லெவல் பிளக் வரை ஊற்றுங்கள். லெவல் பிளக்கைத் திறந்து வைத்துக்கொண்டு, வண்டியை நேராக நிறுத்தி ஊற்றி, துளையில் வழியத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். கூடுதலாக ஊற்றுவது இன்னொரு கோளாறுக்கு வழி.

ஆனால் எண்ணெயைக் குற்றம் சொல்லும் முன் லீவரில் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். ஆயில் மாற்றும் நாளில் கிளட்ச்சையும் ‘கொஞ்சம் டைட் செய்து’ அனுப்புவது பல பட்டறைகளில் பழக்கம். ஆட்டம் இல்லாவிட்டால் ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் ஒரு பகுதியை ராடு எப்போதும் தாங்கிக்கொண்டிருக்கும். மீதி அழுத்தம் சமதளத்துக்குப் போதும், எழுபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலைக்குப் போதாது. கிக்கரை மிதித்தும் இதைக் கண்டுபிடிக்கலாம். கம்ப்ரெஷன் எதிர்க்கும் இடத்தில் மிதிக்கும்போது என்ஜின் சுழலாமல் கிக்கர் மட்டும் வழுவழுவென்று கீழே இறங்கினால் கிளட்ச் ஸ்லிப் ஆகிறது. அதே நேரத்தில் ‘கடகட’வென்ற சத்தம் வந்தால் கிக்கரின் பல்லைச் சந்தேகிக்க வேண்டும்.

எண்ணெயும் ஆட்டமும் சரியாக இருந்தும் ஸ்லிப் நிற்கவில்லையானால் பிளேட்டுகளின் முகம் பளபளத்துப் போயிருக்கும், அல்லது தேய்ந்திருக்கும். பளபளப்பை மட்டும் உப்புத்தாள் கொண்டு லேசாக எடுத்துப் போடலாம். தேய்ந்ததை மாற்றத்தான் வேண்டும். பிளேட் வாங்கச் சென்னை புதுப்பேட்டைக்கோ ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கோ போகிறவர்கள் பழைய பிளேட் ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். தடிமனையும் காதுகளின் அகலத்தையும் கடையிலேயே வைத்து ஒப்பிட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: செயின் கேஸுக்கு ஏ.டி.எஃப். ஊற்றலாம் என்கிறார்களே, சரியா?
— ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: தானியங்கி கியர் கொண்ட கார்களுக்கான அந்த எண்ணெயும் எண்ணெயில் மூழ்கிய கிளட்ச்சுகளுக்காகவே உருவானது என்பதால், கொள்கை அளவில் தவறில்லை. பழைய புல்லட் வைத்திருப்போர் பலர் அதைப் பயன்படுத்துகின்றனர். குளிர்ந்த காலையில் பிளேட்டுகள் எளிதில் பிரிகின்றன. ஆனால் அது மெல்லிய எண்ணெய். மூடியின் சீல் பழையதாக இருந்தால் கசிவு கூடும். ஏற்கெனவே உள்ள என்ஜின் ஆயிலோடு கலந்து ஊற்றாதீர்கள்.

அதன் சிவப்பு நிறத்தில் எனக்குத் தெரியும் ஒரு நன்மை உண்டு. சில நூறு கிலோமீட்டருக்குப் பிறகு லெவல் பிளக்கைத் திறக்கும்போது சிவப்புக்குப் பதில் கறுப்பாக, அளவுக்கு மேல் வழிந்தால், கிராங்க் ஷாஃப்ட்டின் இடப்பக்க சீல் வழியாக என்ஜின் ஆயில் உள்ளே வருகிறது என்று அறிந்துகொள்ளலாம். ஆயில் டேங்கில் அளவு குறைந்துகொண்டே வந்து, வெளியே எங்கும் கசிவைக் காணோம் என்று குழம்பும் நண்பர்களுக்கு இந்த இடத்தை முதலில் பார்க்கச் சொல்வேன்.

கேள்வி: அறுபது வயதைத் தாண்டியவன் நான். முப்பது ஆண்டுகளாக ஓட்டிய புல்லட்டின் கிளட்ச்சை இப்போது பிடிக்க முடியவில்லை, மணிக்கட்டு வலிக்கிறது. வண்டியை விற்க மனமில்லை. லீவரை இலகுவாக்க வழி உண்டா?
— ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: உண்டு, ஐயா. மென்மையான ஸ்பிரிங் போடலாமா என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். ஸ்லிப்பில் கொண்டு போய் விடும். ஸ்பிரிங்கின் கனம் குறையாமல், அது உங்கள் கைக்கு வந்து சேரும் வழியில் உள்ள உராய்வை மட்டும் குறைக்க வேண்டும்.

முதலில் கேபிளைக் கியர் பாக்ஸ் பக்கம் கழற்றிவிட்டு லீவரை அழுத்திப் பாருங்கள். உள்கம்பி தன் எடையிலேயே வழுக்கிப் போக வேண்டும். சொரசொரப்பாக இருந்தால், உள்ளே நைலான் குழல் வைத்த கேபிளாகப் பார்த்து மாற்றுவது நல்லது. நைலான் குழல் இல்லாத பழைய வகைக் கேபிள் என்றால், மேல்முனையில் ஒரு சிறு பாலித்தீன் உறையை நூலால் கட்டி, அதில் மெல்லிய எண்ணெயை ஊற்றி இரவு முழுவதும் தொங்கவிடுங்கள். காலையில் கீழ்முனையில் எண்ணெய் சொட்டியிருக்கும். கேபிள் செல்லும் வழியும் முக்கியம். ஹேண்டில் பாரை இரு பக்கமும் முழுவதும் திருப்பும்போது எங்கேயும் இறுகாமல், கூர்மையாக மடங்காமல் இருக்க வேண்டும். ஹெட்லைட் அருகே கேபிளைக் கட்டி வைத்திருக்கும் பிளாஸ்டிக் பட்டையை வெட்டி எறிந்த மாத்திரத்தில் லீவர் பாதியாக இலகுவான வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது கோணம். லீவரைப் பாதி தூரம் பிடித்திருக்கும் நிலையில், கியர் பாக்ஸுக்குள் ஆர்மும் கேபிளும் ஏறத்தாழச் செங்கோணத்தில் சந்திக்க வேண்டும். அப்போதுதான் உங்கள் கைப்பலம் முழுவதும் ராடைத் தள்ளப் பயன்படும். முதல் பதிலில் சொன்ன ஸ்குரூவைத் தொடாமல் கேபிளை மட்டும் இறுக்கிக்கொண்டே வந்த வண்டிகளில் இந்தக் கோணம் கெட்டு, லீவர் கடைசிப் பகுதியில் கல்லாகக் கனக்கும். புஷ் ராடை வெளியே எடுத்து முனைகளில் கிரீஸ் தடவிப் போடச் சொல்லுங்கள். ராடு எங்கேனும் வளைந்திருந்தால் கண்ணாடியில் உருட்டும்போது தெரியும்.

இவற்றுக்குப் பிறகும் கனத்தால், போல்ட்டுக்கும் நிப்பிளுக்கும் இடைத்தூரம் சற்றே குறைந்த லீவரைப் போடலாம். அதில் இழுப்பின் நீளம் குறையும் என்று முன்பே எழுதியிருக்கிறேன். பிளேட்டுகள் நேராகவும் ஸ்பிரிங்குகள் ஒரே அளவாகவும் உள்ள வண்டியில் மட்டுமே அந்தக் குறைவு தொல்லை தராது. ஆகையால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: காலையில் முதல் கியர் போட்டதும் வண்டி துள்ளி நின்றுவிடுகிறது. அதன் பிறகு நாள் முழுதும் எந்தக் குறையும் இல்லை. இது அட்ஜஸ்ட்மென்ட் கோளாறா?
— ஒரு வாசகி, ஈரோடு

பதில்: இல்லை. இரவு முழுவதும் ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் எண்ணெய் பிழியப்பட்டு பிளேட்டுகள் ஒட்டிக்கொள்கின்றன. நெடுநாள் நிறுத்திய வண்டியில் இது இன்னும் அதிகம். சாவியைத் திருப்பும் முன், நியூட்ரலில் கிளட்ச்சைப் பிடித்தபடி கிக்கரை இரண்டு மூன்று முறை மிதியுங்கள். முதல் மிதி கனமாக இருந்து, பிறகு ‘பொத்’தென்று இலகுவாகும் கணத்தில் பிளேட்டுகள் பிரிந்துவிட்டன என்று கொள்ளலாம்.

கேள்வி: பெங்களூருவில் பழைய ஜாவா 250 ஒன்றை வாங்கியிருக்கிறேன். கிளட்ச்சைப் பிடித்தால் சரியாக விடுபடவில்லை, ஆனால் பிடிக்காமலே கியர் மாறுகிறது! இது எப்படி?
— ஒரு வாசகர், ஓசூர்

பதில்: வியக்க வேண்டாம். மைசூரில் ஐடியல் ஜாவா நிறுவனம் 1961 முதல் செய்த அந்த வண்டிகளில், கியர் பெடலை மிதிக்கும்போதே கிளட்ச் தானாக விடுபடும் அமைப்பு உள்ளது. அதே பெடலை மடக்கித் திருப்பினால் கிக்கராகவும் ஆகும் என்பது இன்னொரு விசேஷம். இந்த அமைப்பு உங்களுக்கு ஒரு வசதியைத் தருகிறது. கையால் பிடிக்கும்போது மட்டும் குறை, பெடலில் குறையில்லை என்றால் கோளாறு கேபிளிலோ லீவரிலோதான் இருக்க வேண்டும். என்ஜினைத் திறக்காமல் கேபிளின் நீட்சியையும் அட்ஜஸ்டரையும் பாருங்கள். பெடலை மிதித்தாலும் அறைந்துகொண்டுதான் கியர் விழுகிறது என்றால் உள்ளே செல்ல வேண்டும். கையில் ஆட்டமே இல்லாமல் கேபிளை இறுக்கிவிடும் தவறு இந்த வண்டியிலும் ஸ்லிப்பில்தான் முடியும்.

கேள்வி: கிளட்ச் கேபிள் எப்போதும் லீவர் பக்கத்து நிப்பிள் அருகிலேயே அறுகிறது. வழியில் அறுந்தால் வீடு வந்து சேர வழியுண்டா?
— ஒரு வாசகர், இராமநாதபுரம்

பதில்: லீவர் திரும்பும்போது நிப்பிளும் தன் துளைக்குள் திரும்ப வேண்டும். துளையில் துருவும் மண்ணும் சேர்ந்து நிப்பிள் இறுகிவிட்டால், ஒவ்வொரு பிடிக்கும் கம்பி அதே இடத்தில் மடங்கி, இழை இழையாக அறுகிறது. கடற்கரைப் பக்கத்து ஊர் என்பதால் உங்களுக்குத் துரு சற்று விரைவாகவே வரும். துளையை உப்புத்தாளைச் சுருட்டிச் சுத்தம் செய்து, நிப்பிளுக்கு கிரீஸ் வையுங்கள். லீவர் போல்ட்டுக்கும் ஒரு துளி எண்ணெய். அறுவதற்கு முன் ஓரிரு இழைகள் முள்போல் வெளியே நீட்டிக்கொண்டு எச்சரிக்கும். தூரப் பயணம் செல்பவர்கள் புதிய கேபிள் ஒன்றை ஓடும் கேபிளோடு சேர்த்தே இழுத்து டேப் சுற்றி வைத்திருப்பார்கள். அறுந்தால் டேங்கைக் கழற்றாமல் இரண்டு முனைகளையும் மாற்றினால் போதும்.

மாற்றுக் கேபிள் இல்லாமல் அறுந்துவிட்டால், போக்குவரத்து இல்லாத சாலையில் மட்டும் இப்படி வரலாம்: நியூட்ரலில் என்ஜினை இயக்கி, வண்டியைத் தள்ளியோ சரிவில் உருளவிட்டோ நடை வேகத்துக்குக் கொண்டுவந்து, பெடலை மேலே தூக்கி முதல் கியருக்குச் செல்லுங்கள். வலக்கால் கியர் புல்லட்டில் முதல் கியர் மேலே, மற்றவை கீழே. அடுத்த கியர்களுக்கு, பெடலின் மேல் காலால் சிறு அழுத்தம் கொடுத்துக்கொண்டே ஆக்ஸிலரேட்டரை ஒரு கணம் மூடினால் கியர் தானே விழும். நிற்க வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே, ஆக்ஸிலரேட்டரை மூடியபடி நியூட்ரலுக்குக் கொண்டுவந்து பிரேக்கில் நிறுத்துங்கள். வழியில் சந்தைத் திடலோ ரயில்வே கேட்டோ இருந்தால், அதற்கு முன்னால் இறங்கி வண்டியைத் தள்ளிக் கடந்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.